கல்மரமும் காந்தத் தட்டும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் வழங்கப்படும் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது திருவக்கரை. ஊருக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் பெரிய பெரிய மரத்துண்டுகள் கிடக்கின்றன. தொலைவில் இருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட மரங்கள் போல் தோன்றும். கிட்டப் போய்த் தட்டினால்தான் அவை கல் என்பது தெரியும். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொனேரா 1781-ல் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940-ல் இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆக்கியது. ஏறத்தாழ 247 ஏக்கர் பரப்புள்ள இந்தக் கல்மரப் பூங்காவிலுள்ள மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

மரம் எப்படிக் கல்லாயிற்று? வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலில் ஆழப் புதைந்தன. காற்றுப் படாததால் அவை விரைவில் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் சிறிது சிறிதாகப் புகுந்து படிந்தது. காலப்போக்கில் மரப்பொருள் மறைந்தது. ஆனால் அது அமைந்திருந்த ஒழுங்கு மறையவில்லை. அதனால்தான் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் தாவரவியலார், இது மருத மரத்தின் குடும்பம், இது புளிய மரத்தின் குடும்பம் என்று இனங்காண முடிகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2 கோடி ஆண்டுகள் நிலைத்து நின்றது மரம் அன்று. மரத்தைப் பற்றிய செய்தி. செய்தியைச் சேமிப்பது என்றால் ஏதாவது ஒரு பொருளில் ஓர் ஒழுங்கைப் பதித்து வைப்பதே ஆகும். ஏட்டுச்சுவடியில் எழுத்தாணியின் கீறல், கல்வெட்டில் உளியின் வெட்டு, கணிப்பொறியின் தட்டில் காந்தத்தின் திசை ஆகிய யாவும் அடிப்படையில் ஒன்றே. ஆயினும் இயற்கை சேமித்தது தற்செயலாக. திருவக்கரையில் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை, பூ இல்லை. அடிமரங்கள் மட்டுமே தப்பின. தற்செயலை நம்பாமல், எது அழிந்தாலும் மீட்டுக் கொள்ளும்படி கணக்குப் போட்டுச் சேமிக்க முடியுமா? முடியும். சினிமா, விடியோ படத்தொகுப்பு நிலையங்களில் கணிப்பொறிக்கு வெளியே ஒரு பெட்டியில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் தட்டுகள் செய்யும் வேலை அதுதான். அதைத் தட்டு அணி என்று அழைப்போம்.

ஒரு விநாடிப் படத்தின் எடை

முதலில் அந்தப் பெட்டி எதற்கு என்று பார்ப்போம். உயர்தர விடியோவின் ஒரு படச் சட்டத்தில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். தொழில்முறைப் பதிவில் ஒரு புள்ளிக்கு 20 பிட் வேண்டும் எனக் கொண்டால், ஒரு சட்டத்திற்கு 51,84,000 பைட் ஆகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 சட்டங்கள். ஆகவே ஒரு விநாடிக்கு சுமார் 130 மெகாபைட்; ஒரு மணி நேரத்திற்கு சுமார் 467 ஜிகாபைட். 4கே எனப்படும் பெரிய படத்தில் புள்ளிகள் நான்கு மடங்கு. அங்கே ஒரு விநாடிக்கு சுமார் 518 மெகாபைட். ஒரு மணி நேரத்திற்கு சுமார் 1.87 டெராபைட்.

நடைமுறையில் படத்தைச் சுருக்கியே பதிகிறார்கள். படத்தொகுப்பாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் தரமான சுருக்க முறை ஒன்றில் 4கே படத்திற்கு விநாடிக்கு ஏறக்குறைய 92 மெகாபைட் தேவைப்படுகிறது. இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். பௌர்ணமி நாட்களில் திருவக்கரை வக்ரகாளியம்மன் சந்நிதியில் பெருங்கூட்டம் திரளும். ஓர் இரவு முழுக்கூட்டத்தையும் காட்ட நான்கு கேமராக்கள் நான்கு மணி நேரம் இயங்குவதாக வைத்துக் கொள்வோம். அந்த ஓர் இரவின் பதிவு மட்டும் சுமார் 5.3 டெராபைட் ஆகிவிடும். தொகுப்பாளர் நான்கு காட்சிகளையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, எதிலிருந்து எதற்குத் தாவலாம் என்று பார்ப்பார். அப்போது விநாடிக்கு 368 மெகாபைட் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

'இடைவிடாமல்' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். 25 சட்டங்கள் என்றால் ஒவ்வொரு சட்டத்திற்கும் கிடைக்கும் நேரம் 40 மில்லி விநாடிதான். கடிதம் தட்டெழுதும்போது கணிப்பொறி அரை விநாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. படத்தில் தாமதித்தால் காட்சி வெட்டி வெட்டி ஓடும். ஒலி ஓரிடத்தில், உதடு ஓரிடத்தில் நிற்கும்.

ஒரு தட்டு ஏன் போதாது?

கணிப்பொறியின் காந்தத் தட்டு பழைய கிராமபோன் இசைத்தட்டு போன்றே சுழல்வது. வழக்கமான தட்டு நிமிடத்திற்கு 7200 சுற்றுச் சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தட்டின் மேல் தொடாமல் மிதக்கும் ஒரு சிறு தலை காந்தத் திசைகளைப் படிக்கிறது. அந்தத் தலை வேறொரு தடத்திற்கு நகர எட்டு அல்லது ஒன்பது மில்லி விநாடி பிடிக்கும். நகர்ந்த பின், தேவையான இடம் சுழன்று தலைக்கு அடியில் வரச் சராசரி அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடி ஆகும். ஆக, ஒவ்வொரு தாவலுக்கும் 12 மில்லி விநாடிக்கு மேல் வீணாகிறது.

ஒரே கோப்பை நேராகப் படித்துச் சென்றால், இன்றைய நல்ல தட்டு அதன் வெளி விளிம்பில் விநாடிக்கு 200 முதல் 250 மெகாபைட் வரை தரும். உள் தடங்களின் சுற்றளவு குறைவு. ஆகவே அங்கே ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். நான்கு காட்சிகளை ஒரே நேரத்தில் கேட்டால் தலை நான்கு இடங்களுக்கு மாறி மாறித் தாவ வேண்டும். 40 மில்லி விநாடியில் பெரும்பகுதி தாவுவதிலேயே போய்விடும். 368 மெகாபைட் எட்டாக் கனி ஆகிவிடுகிறது.

பந்தி பரிமாறும் முறை

கல்யாணப் பந்தியில் எண்பது இலை போட்டிருக்கிறது. ஒருவரே சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் கடைசி இலைக்காரர் பசியோடு காத்திருப்பார். எட்டுப் பேர் எட்டு வாளியுடன் இறங்கினால் வேலை எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். தட்டு அணியின் முதல் தத்துவம் இதுவே. ஒரு கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி, முதல் துண்டை முதல் தட்டிலும் இரண்டாவதை இரண்டாம் தட்டிலும் என எட்டுத் தட்டுகளில் வரிசையாகப் பரப்பி எழுதுகிறார்கள். படிக்கும்போது எட்டுத் தட்டுகளும் ஒருங்கே படிக்கின்றன. ஒரு தட்டு விநாடிக்கு 150 மெகாபைட் தந்தாலும் எட்டும் சேர்ந்து 1200 மெகாபைட் தரும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு, உதாரணத்திற்கு, நூற்றுக்கு இரண்டு என்று கொள்வோம். எட்டுத் தட்டும் நல்லபடி ஆண்டைக் கடக்கும் வாய்ப்பு 0.98-ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது. அது சுமார் 0.85. அப்படியானால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து! ஒவ்வொரு கோப்பும் எட்டுத் தட்டிலும் சிதறிக் கிடப்பதால் ஒரு தட்டு போனாலும் எல்லாக் கோப்பும் போயிற்று. வேகத்தை எட்டு மடங்கு கூட்டிய அதே செயல் ஆபத்தையும் ஏழு மடங்குக்கு மேல் கூட்டிவிட்டது.

அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-ல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதில், விலை மலிவான பல சிறு தட்டுகளைச் சேர்த்து, கொஞ்சம் உபரிச் செய்தியையும் சேமித்தால் வேகமும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். அம்முறைக்கு அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே 'ரெய்டு' என்று வழங்குகிறது. பாதுகாப்பே இல்லாத வெறும் பந்தி முறையைப் பிற்காலத்தில் 'ரெய்டு 0' என்றார்கள்.

சுவடிகள் தந்த பாடம்

உபரிச் செய்தி என்பது தமிழர்க்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பிக்க முற்பட்டபோது ஒரு சுவடியை மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராக அலைந்து ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடினார். ஒன்றில் செல்லரித்த ஏடு மற்றொன்றில் முழுமையாக இருந்தது. 1887-ல் அவர் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பு அவ்வாறு ஒப்பு நோக்கி உருவானதே. ஒரே செய்தியை இரு தட்டுகளில் அப்படியே எழுதி வைக்கும் 'ரெய்டு 1' முறையும் இதே வகையைச் சேர்ந்தது. கண்ணாடிப் பிம்ப முறை என்றும் இதைச் சொல்வர். பாதுகாப்பு நன்று; ஆனால் வாங்கிய இடத்தில் பாதி இரண்டாம் பிரதிக்கே போய்விடுகிறது. டெராபைட் கணக்கில் சேமிக்கும் விடியோக்காரருக்கு இது கட்டுப்படியாகாது.

இரட்டைப்படைக் கணக்கு

இரண்டாம் பிரதி எடுக்காமலே இழந்ததை மீட்க முடியுமா? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தட்டுகளில் கீழ்க்கண்ட பிட்கள் இருப்பதாகக் கொள்வோம்.

முதல் தட்டு: 1 0 1 1
இரண்டாம் தட்டு: 0 1 1 0
மூன்றாம் தட்டு: 0 1 1 1

நான்காவதாக ஒரு சரிபார்ப்புத் தட்டு வைப்போம். அதற்கு ஒரே ஒரு விதி: ஒவ்வொரு நெடு வரிசையிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும். முதல் நெடு வரிசையில் 1, 0, 0 உள்ளன. ஒரே ஒரு 1 இருப்பதால் சரிபார்ப்புத் தட்டில் 1 எழுத வேண்டும். இரண்டாவதில் இரண்டு 1-கள், ஆகவே 0. மூன்றாவதில் மூன்று 1-கள், ஆகவே 1. நான்காவதில் இரண்டு, ஆகவே 0.

சரிபார்ப்புத் தட்டு: 1 0 1 0

இப்போது இரண்டாம் தட்டு எரிந்து போயிற்று என்று வைத்துக்கொண்டு அந்த வரியைக் கையால் மறையுங்கள். மீதி மூன்று வரிகளிலும் முதல் நெடு வரிசை 1, 0, 1. ஏற்கெனவே இரட்டைப்படை; எனவே மறைந்த பிட் 0. இரண்டாவது 0, 1, 0. இரட்டைப்படையாக்க ஒரு 1 வேண்டும்; எனவே மறைந்தது 1. இவ்வாறே தொடர்ந்தால் 0 1 1 0 கிடைக்கும். கையை எடுத்துப் பாருங்கள், அதேதான்! எந்தத் தட்டை மறைத்தாலும் இந்தக் கணக்கு பலிக்கும். எட்டுத் தட்டானாலும் உபரி ஒரு தட்டளவுதான்; ஏழு தட்டளவு இடம் நமக்கு மிஞ்சுகிறது.

இதுவே 'ரெய்டு 5'. சரிபார்ப்புப் பிட்களை ஒரே தட்டில் குவித்தால், எதை எழுதினாலும் அந்தத் தட்டு நெரிசலில் சிக்கும். ஆகவே அவற்றை எல்லாத் தட்டுகளிலும் சுழற்சி முறையில் பிரித்து வைக்கிறார்கள். ஒரு தட்டு பழுதானால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். படத்தொகுப்பு வேகம் குறைந்தாலும் நிற்காது. பழுதான தட்டை உருவிப் புதியதைச் செருகினால் அணி கணக்குப் போட்டு அதை நிரப்பிக் கொள்ளும்.

இந்த நிரப்பும் நேரமே கண்டம். 16 டெராபைட் தட்டை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினால் 80,000 விநாடிகள், அதாவது 22 மணி நேரத்திற்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் மற்றத் தட்டுகள் முழு மூச்சாக உழைக்கின்றன. பெரும்பாலும் அவையும் பழுதான தட்டோடு ஒன்றாக வாங்கப்பட்டவை, ஒத்த வயதின. அப்போது இன்னொன்று விழுந்தால் எல்லாம் போயிற்று. ஆகவே பெரிய அணிகளில் வேறொரு கணித முறையில் இரண்டாவது சரிபார்ப்பும் சேர்க்கிறார்கள். அது 'ரெய்டு 6'. எட்டில் எந்த இரண்டு தட்டு போனாலும் அது தாங்கும். ஆறு தட்டளவு இடம் மிஞ்சும்.

மின்வெட்டு வேறோர் எதிரி. செய்தியை எழுதியாயிற்று, சரிபார்ப்புப் பிட்டை எழுதுமுன் மின்சாரம் போயிற்று என்றால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். பின்னொரு நாள் தட்டு பழுதாகும்போது அந்தத் தவறான கணக்கிலிருந்து தவறான படமே மீளும். ஆகவே பெட்டியோடு ஒரு தடையிலா மின்வழங்கியையும் வைப்பது அவசியமாகும். நம் கோடை வெப்பத்தில் நெருக்கமாக அடுக்கிய தட்டுகளுக்குக் காற்றோட்டமும் வேண்டும். பெட்டியைக் கணிப்பொறிக்கு வெளியே தனியாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல தொகுப்பாளர்கள் ஒரே பதிவைப் பகிர்ந்து வேலை செய்யலாம் என்பது மற்றொரு காரணம்.

சென்னைக்கு வந்த கதை

வேகமாகத் தாவிச் செல்லும் தட்டு, படத்தொகுப்புக் கலையையே மாற்றியது. அதுவரை தொகுப்பாளர் மூவியோலாவில் பிலிம் சுருளை ஓட்டி, கத்தரித்து, ஒட்டி வேலை செய்தார். 1989-ல் அமெரிக்காவின் ஆவிட் நிறுவனம் கணிப்பொறிவழித் தொகுப்பு முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994 பொங்கலன்று வெளிவந்த 'மகாநதி', இந்தியாவில் ஆவிட் முறையில் தொகுக்கப்பட்ட முதல் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அக்காலத்துத் தட்டு ஒன்றின் கொள்ளளவு சில ஜிகாபைட்டே. ஆகவே மிகவும் சுருக்கிய மங்கலான பிரதியைத் தட்டில் ஏற்றித் தொகுத்து, பின்னர் அந்த வெட்டுப் பட்டியலின்படி அசல் நெகடிவை வெட்டுவதே வழக்கமாக இருந்தது. இன்று அசலே தட்டில்தான் இருக்கிறது. தட்டு அழிந்தால் படமே அழியும். பொறுப்பு அந்த அளவுக்குக் கூடியுள்ளது.

நகல் இல்லையேல் இல்லை

தட்டு அணி இருக்கிறதே, கவலை இல்லை என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. அணி காப்பது தட்டின் பழுதிலிருந்து மட்டுமே. தெரியாமல் ஒரு கோப்பை அழித்தால் அணி அதை எல்லாத் தட்டிலும் ஒழுங்காக அழித்துத் தரும். திருட்டு, தீ, வெள்ளம், வைரஸ் ஆகியவற்றுக்கும் அதனிடம் மருந்தில்லை. 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக் கொண்டிருந்தபோது, ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கோப்புகள் அழிந்தன. காப்பு நகலும் சரியாக வேலை செய்யவில்லை என்பது பிறகே தெரிந்தது. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த ஓர் ஊழியர் தம் வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது.

நகல் இல்லாததால் நாம் இழந்தவை பல. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி கிடைக்கவில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வத'மும் அப்படியே. 2003-ல் புனே நகரில் நேர்ந்த தீ விபத்தில் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின. படம் எடுத்தவரின் உழைப்பு மட்டுமா போயிற்று? அக்காலத்து மக்களின் முகம், பேச்சு, தெரு யாவும் கூடவே போயின.

ஆகவே வல்லுநர்கள் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று ஒரு விதி சொல்வர். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில். வேலை செய்யத் தட்டு அணி, அலமாரியில் வைக்கக் காந்த நாடா என்பது பெரிய நிலையங்களின் பழக்கம். 2021-ல் வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை எல்.டி.ஓ. நாடா ஒன்று, சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். முறையாக வைத்தால் இத்தகைய நாடா முப்பது ஆண்டு நிலைக்கும் என்று தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். நகரும் பாகமே இல்லாத மின்னணுத் தட்டு வேகத்தில் யாவற்றையும் மிஞ்சும். ஆனால் டெராபைட்டுக்கு அதன் விலை அதிகம். மின் இணைப்பின்றி நெடுங்காலம் கிடந்தால் அதில் அடைத்த மின்னூட்டம் மெல்லக் கசியவும் கூடும். ஆதலால் அது வேலை மேசைக்கே பொருந்தும், அலமாரிக்கு அன்று.

உங்கள் வீட்டு அலமாரி

இவை சினிமா நிலையங்களுக்குரிய செய்திகள் என்று எண்ண வேண்டாம். 1980-களிலும் 1990-களிலும் நம் ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டில் பதிவாயின. ஈரத்தில் அவற்றின் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். காந்தப் பூச்சு உதிரும். கேசட் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி அரிதாகிவிட்டது. கடைசி வரை அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. படிக்கும் கருவி இல்லாத சேமிப்பு, திறவுகோல் தொலைந்த பெட்டிக்கு ஒப்பாகும்.

திருவக்கரைக் கல்மரம் தானாக நிலைத்தது. அதுபோல் தானாக நிலைக்கும் காந்தத் தட்டு ஒன்றை இதுவரை யாரும் செய்யவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் முன்னோர் நைந்த சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்து வந்தார்களே, அதே வேலைதான். தாத்தா பாட்டியின் குரல் பதிந்த கேசட் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ஓட்டும் கருவி கிடைக்கும்போதே அதைக் கோப்பாக மாற்றுங்கள். மாற்றியதை இரண்டு தட்டில் எழுதி, ஒன்றை வெளியூரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஓடிப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் சேர்க்கலாகாது.